தேவாலயப் புத்தகத்தில் என் பெயர்

ஜூன் 9, செவ்வாய்

இன்று சாப்பிடும்போது மகள் வசந்தி சொன்னாள்: "செப்டம்பரில திரும்பவும் தெற்குப் பிரான்சுக்குப் போறம். நீங்கள் இங்க லண்டனில, ஈஸ்ட் ஹாம் வீட்டிலயே நில்லுங்கோ அப்பா. போன முறையும் அந்த மலையூரில ஏற ஏலாமல் வான் வண்டிக்குள்ளதானே இருந்தனீங்கள்."

இருந்தேனா? அவளும் மருமகனும் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு பெரிய வழியால் போனார்கள். நான் பின்பக்கக் கற்படிகளால் ஏறினேன். நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். உச்சியில் எழுநூறு வருடப் பழைய தேவாலயம். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள். உள்ளே, வருபவர்கள் பெயர் எழுதும் புத்தகம். எழுபத்தாறு வயதில், நான் எழுதப் பழகும் முதியோர் வகுப்புக்கு வெளியே முதல்முறையாக என் பெயரை எழுதினேன். ஏச்சுக்குப் பயந்து, அவர்களுக்கு முன்பே இறங்கி வானுக்குள் இருந்துகொண்டேன்.

இனிப் பயமில்லை. "தேவாலயத்தில இருந்த அந்தப் புத்தகத்தை நீயும் அவசரத்தில போனில படம் எடுத்தனியெல்லோ, பெருப்பிச்சுப் பார்" என்றேன்.

பிரெஞ்சு எழுத்துகளுக்கு நடுவில், கோணலாக, முருகேசு.

"அப்பா! விழுந்திருந்தால்?"

"விழேல்லையே. பேனைதான் கொஞ்சம் சறுக்கினது."

மருமகன் தேத்தண்ணீர் சிந்தச் சிரித்தார். வசந்தி சிரிக்கவில்லை. ஓம், வாங்கோ என்றும் சொல்லவில்லை.

சொல்லாவிட்டால் என்ன, நான் போவேன். இந்த முறை பெயர் மட்டுமல்ல, முழு வசனம் எழுதுவேன்: நான் ஏறித்தான் வந்தேன்.