ஃபிரிட்ஜில் முளைத்த பூக்கிழங்கு

அக்கா,

இன்று காலை என் மனைவி ஃபிரிட்ஜின் அடித்தட்டை இழுத்துத் துடைத்தாள். முளைவிட்ட வெங்காயம் இரண்டை எடுத்து, "வேலைக்கு வர்ற அம்மாகிட்ட குடுத்துடட்டுமா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் அவள் கையிலிருந்து பிடுங்கி, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தேன். நெடி ஏறிய பிறகுதான் மூச்சு வந்தது. அவள் விசித்திரமாகப் பார்த்தாள்; வெங்காயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். நீ கண்மூடி நாற்பது நாள் ஆகிறது. உனக்காவது எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. ராஜகீழ்ப்பாக்கத்தில் உன் வீட்டை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு உன் வீட்டில். நீ கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையலும் தோட்டமும் பார்த்தாய். அந்த வீட்டு அம்மாவுக்கு லண்டனிலிருந்து வந்த மகள் டாஃபடில் கிழங்குகள் கொடுத்திருந்தாள். குளிர்நாட்டுப் பூ. நம் மண்ணில் நேராக நட்டால் பூக்காது. மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்து, பனிக்காலம் வந்து போனதாகக் கிழங்கை நம்பவைக்க வேண்டும். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. உனக்கு யாரும் சொல்லவில்லை. மாமரத்தடியில் பாத்தி கொத்தியது நீ. மணல் சுமந்து வந்து செம்மண்ணில் கலந்தது நீ. தண்ணீர் நின்றால் அழுகும் என்பதால் மேடாக்கியதும் நீ. "ஃபாரின் பூ வருது" என்பதற்கு மேல் உன்னிடம் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. விதை வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தாய்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் முளைத்தது, வாடியது, சுருங்கியது எல்லாம் உனக்கு. கேட்க வேண்டியதில்லை. சனிக்கிழமை தட்டைத் துடைத்துவிட்டு எடுத்துப் போகலாம். தாங்கள் தின்னாததை உன் பிள்ளை தின்னலாம் என்பதற்கு அவர்கள் வைத்த பெயர் தாராள மனசு. அந்தச் சனிக்கிழமை காகிதப் பொட்டலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு வெங்காயம் பச்சை மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நாலை எடுத்துக்கொண்டாய்.

ஞாயிறு மதியம் கருவாட்டுக் குழம்புக்கு மூன்றை அரிந்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், கண் எரியவே இல்லையே என்றேன்.

"பணக்கார வூட்டு வெங்காயம்டா. அழ வைக்காது."

இரண்டு பேரும் சிரித்தோம்.

எனக்கும் உன் நாலு வயது மகளுக்கும் முதலில் போட்டாய். நீ வழக்கம்போல் கடைசியில் சாப்பிட இருந்தாய். எனக்கு லேசாகக் கசந்தது. ஒதுக்கி வைத்தேன். ஏன் ஒதுக்கினேன் என்று சொல்லவில்லை. அவளுக்கு நீ பிசைந்து ஊட்டினாய்.

கால் மணி நேரத்தில் அவள் வாந்தி எடுத்தாள். பிறகு நான். எனக்கு நின்றது, அவளுக்கு நிற்கவில்லை. எச்சில் ஒழுகியது. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் பச்சைத் தண்ணீராக வந்தது. ஆட்டோவில் உன் மடியில் கிடந்தவளின் கை ஈரத்துணி போல ஆடியது. அரியும்போது கண் எரியாதது நினைவுக்கு வந்து, வழியிலேயே நமக்குப் புரிந்துவிட்டது, அது வெங்காயம் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

"கருவாடு சார். கெட்டுப்போச்சு போல கீது."

கருவாட்டில் ஒரு குறையும் இல்லை. நான் உன்னைப் பார்த்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய். வெங்காயம் என்றால் எங்கிருந்து என்று கேட்பார்கள். அந்த வீடு என்றால் திருட்டு என்பார்கள். பிள்ளை கண் சொருகிக் கிடக்கும்போது ஒரு தாய் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டியிருந்தது. இந்த ஊரில் ஏழைக்கு விஷத்தைவிடப் போலீஸ் பயம் பெரியது.

குளுக்கோஸ் பாட்டில் பாதி இறங்கும்வரை நானும் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் டாக்டரின் பின்னால் ஓடிச் சொன்னேன். மீதி இருந்தால் கொண்டு வா, பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது என்றார்.

மீதியிருந்த ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மணியை அழுத்த விரல் எழவில்லை. உள்ளே நாய் குரைத்ததால்தான் அந்த அம்மா வெளியே வந்தார். பாப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லி, கம்பி வழியாகக் கிழங்கைக் காட்டினேன்.

"எத்தனை எடுத்தா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது பதறி இரண்டு முறை அடித்துத் திருத்தினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்ன விஷம் என்று தெரிந்ததும் டாக்டர் ஒரு நர்ஸைப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். செவ்வாய்க்கிழமை உன் மகள் இட்லி கேட்டாள். புதன்கிழமை உனக்கு வேலை போனது. அந்தத் தெருவில் வேறு எந்த வீடும் உன்னைச் சேர்க்கவில்லை. ஊரப்பாக்கத்தில் கட்டட வேலைக்குச் சட்டி தூக்கப் போனாய்.

மாசியில் ஒருநாள் அந்தத் தெரு வழியே வந்தேன். நீ மேடாக்கிய பாத்தியில் மூன்று பூத்திருந்தன. மஞ்சள். ஆறு இதழ், நடுவில் நாயனத்தின் வாய் மாதிரி விரிந்த குழல். அசிங்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அழகாக இருந்தது. உன்னிடம் வந்து சொன்னேன்.

"வாசன கீதாடா அதுக்கு?"

"தெர்லக்கா. கேட்டுக்கு வெளியதான நின்னேன்."

சிமெண்டில் வெடித்த விரல்களைத் தேய்த்துக்கொண்டாய். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாய்: "அன்னிக்கு நீ வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் மொதல்ல வேண்டிக்கினேன்டா. புள்ள பொழைக்கணும்னு அப்பறந்தான் வேண்டிக்கினேன்."

போன வாரம் உன் மகள் வந்திருந்தாள். என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். அம்மா ஏன் அந்த வீட்டு வேலையை விட்டது என்று கேட்டாள். கிழங்கைப் பற்றிச் சொன்னேன். நீ வேண்டிக்கொண்டதைச் சொல்லவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

இன்னொன்றும் என்னோடு இருக்கிறது. உன்னிடம்கூடச் சொன்னதில்லை. நீ கையைப் பிடித்ததால்தான் நான் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாய். பிள்ளைக்குக் குளுக்கோஸ் ஊசி குத்தும்போதே நீ என் கையை விட்டுவிட்டாய், அக்கா. அதற்குப் பிறகும், பாட்டில் பாதி இறங்கும்வரை, நான் பேசவில்லை.