பாலத்தின் முன் எடுத்த படம்

1938 ஆகஸ்டு 1, திங்கள். கிள்ளான், மலாயா.
காலையிலிருந்து மழை. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் ஒன்பது வேகன் பழைய இரும்பு. துறைமுகத்தில் நிற்கும் ஜப்பான் கப்பலுக்கு. சீனாவில் ஜப்பான் நடத்தும் போரால் சீனக் கூலிகள் ஏற்ற மறுத்துவிட்டார்கள். கடைசியில் நம் ஆட்கள்தான் ஏற்றினார்கள். எடை எழுதியது கணக்குக் கிராணி நான்.
வாங்க: மண்ணெண்ணெய், உப்பு, செல்லத்துக்குப் புளிப்பு மாங்காய் (மூன்றாம் மாதம்).

ஆக. 3, புதன்.
இரும்புச் சேதி மளிகைக்கடை முதலாளி தவுக்கேக்குத் தெரிந்திருக்கிறது. திட்டவில்லை. சீனர்தான், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார்.
"ஜப்பான்காரனுக்கு இரும்பு இல்ல, எண்ணெய் இல்ல. பக்கத்து வீட்ல இருக்கு. குடுக்கலன்னா உடைச்சிட்டு வரான்லா. சீனா முடிஞ்சா எங்க வருவான் கிராணி? இங்க ரப்பர் இருக்கு, ஈயம் இருக்கு."
நடுவில் கடல் இருக்கிறதே என்றேன்.
"நீ ஏத்துன இரும்பு எதுக்கு? கப்பல் கட்டத்தானே."
உப்பு வாங்க மறந்து வந்தேன்.

ஆக. 5, வெள்ளி.
வெயில். தேநீர் வேளையில் சிக்னல்கார அந்தோணி: "அண்ணே, நம்ம ஜப்பான் போட்டோக்காரரு கடை பூட்டிக் கெடக்கு. சொல்லாம கொள்ளாம போயிட்டாரு."
ஜூனில் அம்மாவுக்கு அனுப்பப் படம் எடுக்கப் போனேன். "கடையில வேணாம், வேலை செய்ற இடத்துல நில்லுங்க, ஊர்ல மதிப்பு" என்றான் அவன். கோட்டுப் போட்டுக்கொண்டு ரயில் பாலத்தின் முன் நின்றேன். மண்டைக்கனம். குவாட்டர்ஸில் எல்லோருக்கும் ஆசை வந்தது. நானே அவனைக் கூட்டி வந்தேன். அந்தோணி சிக்னல் கேபின் முன்னால். ஸ்டோர்காரர் எண்ணெய்த் தொட்டி முன்னால். மொத்தம் எட்டுக் குடும்பம். நெகடிவ் எல்லாம் அவனிடம்.
ரயில்வேப் பெரியதுரையிடம் இதைச் சொன்னால் முதல் கேள்வி: யார் கூட்டி வந்தது? வேலை போகும், வீடு போகும். செல்லத்தை இந்த நிலையில் வைத்துக்கொண்டு எங்கே போவேன்? பயமாக இருக்கிறது.

ஆக. 6, சனி.
துரை அறை வாசல்வரை இரண்டு தடவை. திரும்பி வந்தேன். கோழை.

ஆக. 8, திங்கள்.
மதியம் சாப்பிட வந்தபோது அம்மாவின் கடிதம். என் கை சோற்றில் இருந்ததால் செல்லம் படித்தாள்.
"படம் வந்து சேந்துச்சு. ஊரே பாத்துச்சு. ஒம் மூஞ்சிதான் கடுகத்தண்டி இருக்கு, தேடிப் புடிக்க வேண்டியிருக்கு. பாலம் மட்டும் ஆணி ஆணியா எண்ணுற மாதிரி விழுந்திருக்கு. அந்தப் போட்டோக்காரன் எதைய்யா படம் புடிச்சான்?"
செல்லம் விழுந்து விழுந்து சிரித்தாள். போட்டோக்காரன் படம் தந்த அன்று நான் என் கோட்டைத்தான் பார்த்தேன்.
அதே கோட்டைப் போட்டுக்கொண்டேன். துரை ஐந்து மணிவரை இருப்பார்.