கண்மாய் உள்வாயில் உனக்கொரு மஞ்சுவிரட்டு

மாப்பிள்ளை,

காரைக்குடியில் அடித்துவந்த புது பிளக்ஸின் வாடை மூக்கில் ஏறித் தலைவலியே வந்துவிட்டது. கண்மாய்க் கரையில் உன் படத்தைக் கட்டியிருந்தார்கள். காளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். உன் முதலாண்டு நினைவாகக் கண்மாய் உள்வாயில் மஞ்சுவிரட்டு என்று கீழே போட்டிருந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் முதலில் உன்னைத்தான் திட்டினேன்.

அந்த மாசி உனக்கு மறந்திருக்காது. கரைக்கு உள்ளே, தண்ணீர் வற்றிக் கிடந்த உள்வாயில் மாடுகளை அவிழ்த்துவிட்ட அன்று, வேட்டுச் சத்தத்துக்கு நாரைகள் மொத்தமும் கிளம்பின. கருவேல மரங்களிலிருந்து குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. நீ காளையை அவிழ்க்காமலே வீட்டுக்கு ஓட்டிப் போனாய். ஊரே கேலி பேசியது. "மாடு எந்தப் பொட்டல்லயும் ஓடும்டா. குஞ்சுக்கு இந்த மரத்த விட்டா எடமில்ல" என்றாய்.

பிறகு பஞ்சாயத்தில் பல்லுயிர்க் குழு போட்டார்கள். நீயும் நானும் உறுப்பினர். கண்மாய்க்குத் திட்டம் எழுத உட்கார்ந்தால் ஒருவர் படகு விடலாம் என்பார், இன்னொருவர் கரை முழுக்க விளக்குப் போடலாம் என்பார். நீ கத்திவிட்டு வெளியே போவாய். டீ குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி கத்துவாய். உன்னோடு கூட்டத்துக்கு வருவதே எனக்குப் பெரிய வாதை. ஆனாலும், குஞ்சுகள் பறக்கும்வரை மஞ்சுவிரட்டு மேற்குப் பொட்டலில்தான், வேட்டு கூடாது என்று திட்டத்தில் எழுத வைத்தாய்.

இந்த வருடக் கூட்டத்திலும் அதே குழுதான். "அவுக நின்ன எடத்துல நடத்துனாத்தான அவுகளுக்கு மருவாதை" என்றார் தலைவர்.

"அங்க நடத்தக் கூடாதுன்னுதானய்யா அவன் நின்னான்" என்றேன்.

கூட்டத்துக்கு வந்திருந்த உன் மகன் எழுந்தான். "எங்கப்பா பேருல நடக்குறதத் தடுக்காதீக மாமா."

எவ்வளவு சொல்லியும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் நானும் உன்னைப்போல் கத்தி, திட்டத்தை வரி வரியாக வாசித்தேன். வேறு வழியில்லாமல் மேற்குப் பொட்டலுக்கே மாற்றினார்கள். அங்கே நடத்துவதற்கு அப்பா பேர் வேண்டாம் என்று உன் மகன் சொல்லிவிட்டான்.

மாடுகள் உன் பேரில்லாமலே ஓடின. அன்று சாயங்காலம் கருவேல மரங்களுக்கு அடியில் போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சும் விழவில்லை.

இதை உன் மகனிடம் சொல்லத்தான் உன் வீட்டு வழியாகப் போய்வருகிறேன். வாய் நிறைய மாமா என்று கூப்பிட்ட பிள்ளை, முகம் கொடுக்க மாட்டேன் என்கிறான். வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் விடப்போவதில்லை. அவனுக்கும் எனக்கும் இந்தப் பிடிவாதம் உன்னிடமிருந்துதான் வந்தது. நடுவில் நின்று தீர்த்துவைக்கத்தான் நீ இல்லை.