ரிக் வண்டி முன்னால் உட்கார்ந்தேன்

2004 மே, செவ்வாய் இரவு

எங்கள் திராட்சைத் தோட்டத்தில் இன்னொரு ஆழ்துளைப் போர் போட இன்று துளை போடும் ரிக் வண்டி வந்தது. வேலியை ஒட்டித்தான் காலனியின் குடிநீர்க் கிணறு இருக்கிறது. போன தடவை போர் போட்டபோதே அதில் பாதித் தண்ணீர் இறங்கிவிட்டது. காலனிப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து வண்டியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்களிடம் பழம் வெட்ட வரும் முத்தம்மா என்னைப் பார்த்து, "தண்ணி பத்தலேன்னா ஒங்களுக்குப் பழம் சிறுக்கும். எங்க பிள்ளைக என்னத்தக் குடிக்கும்க்கா?" என்றாள். அவள் பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்திரி. ஊரே பாக்குது."

"பாக்கட்டுங்க. இங்கன போர் வேணாம். இருக்குற தண்ணிய வச்சு சொட்டுநீர் போட்டுப் பாப்போம்."

வேலியோரம் போய் அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் கையைக் காட்டி வண்டியைத் திருப்பச் சொன்னார். முத்தம்மாதான் என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

இரவு வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அந்தச் சொட்டுநீர்க் குழாய் எங்கன கிடைக்கும்னு ஒங்க அண்ணன்கிட்ட கேளு" என்றார்.

இருக்கிற தண்ணீரில் கொடி தாங்குமா, தெரியவில்லை. ஆனால் என் பேச்சைக் கேட்டுவிட்டார். இப்போது நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். எனக்கும் கண் சொக்குகிறது.