செவ்வந்தியும் வெறுங்கையும்

7 பெப்ரவரி 1994, திங்கள்

லண்டன் குளிர். வாசல்படியில் உறைபனி. உப்புத் தூவினேன். இவர் ஆசுபத்திரிக்குப் போய் இன்றோடு மூன்று கிழமை, இருபத்தொரு நாள்.

செய்ய வேண்டியவை:
– பள்ளிக்கூடக் கன்டீனுக்குப் போன். இந்தக் கிழமையும் வேலைக்கு லீவு.
– இவருக்குப் பனியன் இரண்டு, நகவெட்டி.
– கோழி. சூப்புக்கு.
– பாம்புப் பெட்டியின் அடியில் சூட்டுத் தகடு வேலை செய்கிறதா பார்க்க.

இவரின் பாம்பு செவ்வந்தி இன்றும் பாய்ந்தது. மூடியை இரண்டு அங்குலம் தூக்கினேன், அவ்வளவுதான். பெருவிரலில் நாலு புள்ளி, குண்டூசி குத்தின மாதிரி. நோவை விடக் கோபம்தான் கூட. பசியாக்கும் என்று உடனே பிரீசர் எலி ஒன்றை இளக்கிக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு இன்னும் வருமா என்று பார்த்தது.

இவர் சயன்ஸ் லாப் உதவியாளராக இருந்த பள்ளிக்கூடத்தில் அது வேண்டாம் என்றார்கள். ஏழு வருடத்துக்கு முன் தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டு வந்தார். என் தலையணை உறை. நாலு அடி, செம்மஞ்சள், விஷம் இல்லை. ஏழு வருடமாக அது இருக்கும் அறைக்குள் நான் தூசி தட்டக்கூடப் போனதில்லை. இப்போது பராமரிப்பு முழுக்க என் தலையில்.

பின்னேரம் ஆசுபத்திரி. தொண்டைக்குழிக்குக் கீழே இருக்கும் கட்டி இன்னும் பெருத்துவிட்டதாம். இவர் கேட்ட முதல் கேள்வி: "செவ்வந்தியைக் கையில எடுத்தனீரோ?"

"ஓம்."

பொய்.

"நான் போனாப் பிறகு பயத்தோட வைச்சிருக்க வேண்டாம். அது ரெண்டு பேருக்கும் வதை. கையில எடுக்க ஏலுமெண்டா மட்டும் வைச்சிரும். இல்லாட்டி இப்பவே சொல்லும், நான் ஆரையும் பாத்துக் குடுக்கிறன்."

"போனாப் பிறகு" என்று பஸ்ஸுக்குப் போகிற மாதிரிச் சொல்கிறார். பனியனை மடித்துக்கொண்டிருந்தேன். திரும்ப விரித்துத் திரும்ப மடித்தேன்.

9 பெப்ரவரி, புதன்

மழை. குடை கம்பி முறிந்தது.

இன்று சூப் ஆறு கரண்டி குடித்தார். ஆறு! மிளகு கொஞ்சம் கூட என்றார். சந்தோஷத்தில் பஸ்ஸில் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கிவிட்டேன்.

மோர்டனிலிருந்து கமலா வந்தாள். இவரின் தங்கை. தேத்தண்ணிக்குப் பால் தேடி, பிரீசரில் ஐஸ்கிறீம் பெட்டியைக் கண்டு ஆசையாகத் திறந்துவிட்டாள். உள்ளே எலிகள், வரிசையாக. கத்தின கத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சுவரில் தட்டினாள்.

"மச்சாள், உங்களுக்கென்ன விசரே? மீன் வைக்கிற இடத்தில! அண்ணைக்கு வருத்தம் வந்ததே உந்தச் சனியனாலதான். பாம்பு விக்கிற கடையில கொண்டுபோய்க் குடுங்கோ."

"அவர் கேட்டா?"

"அவர் இனி வந்து பாக்கவோ போறார்?"

சொல்லிவிட்டு அவளே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எலிப் பெட்டியைப் பட்டாணிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். "இது ஐஸ்கிறீம் இல்லை" என்று எழுதி ஒட்டினேன்.

அவள் போன பிறகு செவ்வந்தியைப் பார்த்தேன். கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. பாவம். இன்னொன்று கொடுத்தேன். இந்தக் கிழமையில் மூன்றாவது.

10 பெப்ரவரி, வியாழன்

கட்டுப் போட்ட கையால் எழுதுகிறேன்.

காலையில் கோழி வெட்டின கையோடு செவ்வந்தியின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போனேன். புறங்கையைக் கவ்வி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது. இழுக்கக் கூடாது என்று இவர் எப்போதோ சொன்னது நினைவு வந்தது. குசினிக்கு ஓடிப் பச்சைத்தண்ணீரில் பிடித்தேன். விட்டது. பெட்டிக்குள் போட்டதும் நேற்றைய எலியைக் கக்கியது. சாகப் போகிறது, நான்தான் கொன்றேன் என்று நிலத்தில் குந்திவிட்டேன்.

ஆசுபத்திரியில் கட்டுப் போட்ட கையை மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கையில் எடுக்கவே இல்லை என்பதை மட்டும் விட்டு.

"கிழமைக்கு மூண்டோ? அவளுக்குப் பத்து நாளைக்கு ஒண்டு காணும். ஏன் அவ்வளவு குடுத்தனீர்?"

"மூடியைத் திறக்க அண்ணாந்து பாக்குது. வெறுங்கையோட எப்பிடித் திறக்கிறது?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தாதி வந்து நிமிர்த்தி வைத்தாள். மூச்சு வந்த பிறகு சொன்னார்:

"அவளுக்குக் கோபமும் இல்லை, பசியும் இல்லை. நீர் திறக்கிற நேரமெல்லாம் சாப்பாடு வருது. அவளுக்கு உம்மட கையும் சாப்பாடும் ஒண்டுதான்."

ஒருவர் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமாவது இல்லாமல் போனவளா நான்? பாம்பு வீட்டுக்கும் அப்படித்தான் போயிருக்கிறேன்.

இவர் சொல்லச் சொல்ல சூப் துடைக்கிற கடதாசியில் எழுதியது:
– பத்து நாள் சாப்பாடு இல்லை. தண்ணீர் மட்டும்.
– தினமும் மூடி திறக்க. சாப்பாடு இல்லாமல்.
– கை சோப் போட்டுக் கழுவ, முழங்கை வரை.
– திறந்ததும் முதலில் கம்பியால் முதுகில் மெல்லத் தொட. கம்பி தொட்டால் சாப்பாடு இல்லை என்று பழகும்.
– அகப்பைக் காம்பு வேண்டாம் (நான் கேட்டேன்).
– பிறகு எலி கொடுக்கும்போது இடுக்கியால். கையால் ஒருபோதும் இல்லை.

12 பெப்ரவரி, சனி

வெயில். குளிர் குறையவில்லை.

கோட் மாட்டும் கம்பியை நிமிர்த்தி நுனியை வளைத்தேன். மூடி. கம்பி. செவ்வந்தி பாய்ந்து கம்பியைக் கடித்தது. மூடினேன். அரை மணி கழித்துத் திரும்ப. கடிக்கவில்லை, ஆனால் கழுத்தை எஸ் மாதிரி மடித்து வைத்துக்கொண்டது. கையில் ஒன்றும் இல்லாமல் அதற்கு முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. பாம்புக்கு முன்னால் வெட்கம். இவரிடம் சொல்ல வேண்டும்.

சூப் கொண்டு போனேன். நாலு கரண்டி.

14 பெப்ரவரி, திங்கள்

இன்று நடந்ததை எழுதிவிட்டு மறக்க வேண்டும்.

அந்த மலேசியத் தாதிப் பிள்ளை என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டாள். நல்ல பிள்ளை, தமிழில் பேசுவாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவரு சூப்பை முழுங்கல. நீங்க அந்தப் பக்கம் திரும்பறப்ப டிஷ்யூல துப்பிடறாரு. உங்க மனசு நோகும், சொல்லாதன்னாரு. ஆனா நெஞ்சுக்குள்ள போயிட்டா ஆபத்து, அதான் சொல்றேன்."

கட்டிலுக்கு மேலே அட்டை தொங்குகிறதே, வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று. போன கிழமையிலிருந்து பார்க்கிறேன். அது ஆசுபத்திரிச் சாப்பாட்டுக்கு என்றுதான் நினைத்தேன். வீட்டுச் சாப்பாட்டுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவள் இல்லை நான். சூப் பிளாஸ்கை ஏன் அப்படியென்றால் கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டு போனேன்? ஆசுபத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும்தானே என்று அவளைக் கேட்டேன்.

"எல்லா சாப்பாட்டுக்கும்தான்க்கா. நாளைக்குச் சும்மா வந்து உக்காருங்க. போதும்."

இவர் முந்தித் தட்டில் சோற்றை மிச்சம் விட்டால் நான் ஏசுவேன். "ஊர்ப் பேரே மிச்சம், வைக்கத்தானே வேணும்" என்பார். லண்டனில் இந்த மிச்சத்துக்கு (Mitcham) குடிவந்த நாளிலிருந்து அதே பகிடி. ஒருநாளும் நான் சிரித்துக் கொடுக்கவில்லை.

பிளாஸ்கை ஆசுபத்திரிக் கழுவு தொட்டியில் ஊற்றினேன். மிளகு வாசம் போகத் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். ஆறு கரண்டியும் துப்பியிருக்கிறார். மிளகு கூட என்று வேறு சொன்னாரே.

16 பெப்ரவரி, புதன்

மூட்டம்.

வெறுங்கையோடு போனேன். பஸ்ஸில் மடியில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரோ பையை மறந்துவிட்டேனோ என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

இவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தை. தாதி சொல்லிவிட்டாள் என்று விளங்கியிருக்கும்.

"கதிரையைக் கிட்ட இழும்."

இழுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணித்தியாலம். கலியாணம் கட்டின இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு வேலையும் இல்லாமல் இவர் பக்கத்தில் நான் இருந்ததே இல்லை. ஒன்றில் பரிமாறிக்கொண்டு நிற்பேன், இல்லாவிட்டால் கழுவிக்கொண்டு நிற்பேன். எத்தனை நாளை வீணாக்கியிருக்கிறேன்.

செவ்வந்தி: கம்பி தொட்டதும் அசையாமல் கிடந்தது. விரல் நீட்டினேன். நாக்கால் இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தது. நாலு நாளில் முதல் தரம் கழுத்தை மடிக்கவில்லை.

18 பெப்ரவரி, வெள்ளி

காலை முழுகி, விளக்கேற்றி, கையை முழங்கை வரை கழுவி. மூடி. கம்பி. பிறகு நடு உடம்பில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்கினேன். கனமே இல்லை. குளிராக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. என் சட்டைக் கைக்குள் தலையை விட்டு முழங்கை வரை போய், அங்கே நின்றாள். நானும் நின்றேன். கால் மரத்தது.

ஆசுபத்திரி. குரல் இப்போது காற்றாகத்தான் வருகிறது. "எடுத்தனீரோ?"

"ஓம்."

"முந்தியும் ஓம் எண்டனீர்."

"அது பொய்."

"தெரியும். விரலில காயம் பாத்தனான். இண்டைக்கு?"

இரண்டு கையையும் நீட்டினேன். உள்ளங்கை, புறங்கை. பழைய காயம் காய்ந்து கிடந்தது, புதிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் பார்க்கிற மாதிரி.

"அப்ப சரி" என்றார். "அப்ப சரி."

19 பெப்ரவரி, சனி

காலை பத்தே காலுக்கு. நான் பக்கத்தில். என் கையில் அவருடைய கை மட்டும்.

22 பெப்ரவரி, செவ்வாய்

தூறல். எரிப்பதற்கு வியாழன்தான் இடம் கிடைத்தது.

அடுப்பு மூட்டவில்லை. சனம் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவரும் வெறுங்கையோடு இல்லை. புட்டு, சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, இடியப்பம், மரக்கறிச் சோறு, திரும்பவும் புட்டு. எல்லாம் ஐஸ்கிறீம் பெட்டிகளில். "சாப்பிடுங்கோ, கட்டாயம் சாப்பிடுங்கோ." ஒரு வாய் வைத்து, அவர்கள் திரும்பின நேரம் கடதாசியில் துப்பினேன். துப்பின பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பதினைந்து நாளாக வராதது முழுக்க வந்தது.

எல்லோரும் போன பிறகு கமலா. நனைந்துபோய், பையும் இல்லாமல் வாசலில்.

"மச்சாள், சமைக்கவெண்டுதான் தொடங்கினனான். ஏலாமப் போச்சுது. வெறுங்கையோட வந்திட்டன். குறை நினைக்காதேங்கோ."

"வா. வந்து இரு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்க் கையைக் கழுவி, செவ்வந்தியை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கமலா சோபா மூலைக்கு ஒதுங்கினாள். எழும்பி ஓடவில்லை.

"கடிக்காதோ?"

"நீ ஒண்டும் கொண்டு வரேல்லைத்தானே."

கமலா மூலையிலிருந்து கொஞ்சம் நகர்ந்து வந்தாள். பிறகு, அண்ணை இப்படித்தான் வைத்திருக்கிறவரோ என்று கேட்டு, ஒரு விரலை நீட்டினாள்.