தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

அக்கா,

இன்றைக்குக் காலையில் காட்டூரிலிருந்து அலுமினிய வேலைக்காரர் வந்தார். நீ குடியிருந்த வராந்தாவுக்குக் கண்ணாடிச் சன்னல் வைக்கப்போகிறோம். நம் பெண் ரேகா தன் தையல் மிஷினை அங்கே போட்டுக்கொள்ளட்டும் என்று உன் தம்பி சொல்லிவிட்டார். பழைய தட்டிகளை முதலில் இறக்க வேண்டும். கயிற்றை அறுக்க நான் மீன் அரிகிற கத்தியைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார், முடிச்சு மொத்தமும் விட்டுப்போனது. அடுத்ததும் அப்படியே.

"கத்தி வாணாம்மா. இத்தக் கட்டினவங்க அவுக்குறதுக்குன்னே கட்டி கீறாங்க," என்றார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் தரையில் கிடந்தது. ஊறிப்போன பனையோலை வாசனை எழுந்தது. உன் புடவையில் இருந்த வாசனை. பிறகு அவர் வீட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் இருக்கிற கதவைத் தட்டிப் பார்த்தார். அடிப்பலகை செல்லரித்துவிட்டது, அதையும் மாற்றுகிறோம். "புதுக் கதவுக்குத் தாப்பா எந்தப் பக்கம் வைக்கறது? உள்ளயா, வராந்தா பக்கமா?" என்று கேட்டார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். போன பிறகு, அவர் எடுத்த அளவு சரிதானா என்று நானே இரண்டு தடவை முழம் போட்டுப் பார்த்தேன். என் குணம் போகவில்லை அக்கா.

நீயும் வந்த அன்றைக்கு இதே இடத்தில் முழம்தான் போட்டாய். நீ வாழப்போன தோணிரேவில் உன் வீட்டுக்காரர் செத்து முப்பது நாள் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. கொழுந்தன்மார் நீங்கள் இருந்த அறை தங்களுக்கு வேண்டும் என்றார்கள். ஒரு தகரப் பெட்டி, ஏரியில் இறால் தடவிப் பிடிக்கப் போகும்போது கழுத்தில் தொங்கவிடுகிற ஓலைப் பறி, அந்த இரண்டோடு வந்து நின்றாய். நான் உள்ளே வா என்றேன். அன்றைக்கு மனசாரத்தான் சொன்னேன். நீ வராந்தாவிலேயே நின்று, தூணுக்குத் தூண் கையை நீட்டி அளந்தாய்.

"உள்ள வாணாம்டா," என்று உன் தம்பியிடம் சொன்னாய். "இருக்கறதே ரெண்டு ரூமு. வயசுப் பொண்ணு கீது. இந்த முன்னாடிய மூணு பக்கமும் அடைச்சுக் குடு, போதும். வெயிலு, மழ, பனி மூணுக்கும் தாங்கணும். பொயலுக்கு யாரால அடைக்க முடியும், அத்த வுடு."

எனக்கு முதல் சந்தேகம் அப்போது விழுந்தது. உள்ளே வந்து தங்குகிறவள் விருந்தாளி. என்றைக்காவது போய் வா என்று சொல்லலாம். தனக்கென்று அடைத்துக் கேட்கிறவளை எப்படிப் போகச் சொல்வது? வீடுதான் கவர்மெண்ட்டில் உன் தம்பி பேருக்குக் கட்டிக் கொடுத்தது. மனை உங்கள் நைனா வழியில் வந்தது. அதில் உனக்கும் உரிமை உண்டு. அது உனக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

பங்குனியில் வேலையை ஆரம்பித்தீர்கள். ஏரியைப் பார்த்த கிழக்குப் பக்கம்தான் சாரல் அடிக்கும். அங்கே இடுப்பு உயரத்துக்கு ஹாலோ பிளாக் கட்டி, அதற்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் தாளைச் சவுக்குக் கழியில் சுற்றி, ஏற்றி இறக்கக் கயிறு விட்டாய். வாடைக்காற்று வருகிற வடக்குப் பக்கம் பனையோலைத் தட்டி, இரட்டையாக. தெற்கே கிழிந்த வலையை நாலு மடிப்பாக இழுத்துக் கட்டினாய், காற்று வரலாம், கொசு வரக்கூடாது என்று. தரையை வெளிப்பக்கம் பார்த்துச் சரிவாகப் பூசச் சொன்னாய். ஆணி மட்டும் அடிக்கவிடவில்லை.

"உப்புக் காத்துல ஆணி துரு புடிச்சா கழியயும் சேத்துத் தின்னுடும். கயிறு போதும்டா," என்றாய்.

நாலு மாதம் இருக்கப்போகிறவள் தரைச் சரிவு வரைக்கும் பார்ப்பாளா என்று நான் அடுப்படியில் நின்று யோசித்தேன். அடுத்தது கதவு கேட்பாய் என்று காத்திருந்தேன். கதவு வந்தால் பூட்டு வரும், பூட்டு வந்தால் அது தனி வீடு. நீ கேட்கவில்லை. வாசலுக்கு ஓர் ஓலைப் படல் கட்டிக்கொண்டாய். நீ கேட்காததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் எல்லாரும் இறால் தடவிக்கொண்டிருந்தோம். நீ தள்ளி, கழுத்தளவு தண்ணீரில் குந்தியிருந்தாய். பக்கத்து வீட்டு மல்லிகா என் கிட்டே நகர்ந்து வந்தாள்.

"இன்னா தனம், வராந்தா போச்சா?"

"எங்க போவுது, அங்கயேதான் கீது."

"கீது, கீது. அடுத்தது மாடில ரூமு எடுப்பா பாரு. நீ மோட்டுவளையப் பாத்துனு இரு."

நான் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு என் கையில் இறால் சிக்கவில்லை, உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்றில் ஒரு கை இறாலை முன்னால் தொடும். அது பயந்து பின்பக்கமாகத் துள்ளும். அங்கே இன்னொரு கை சத்தமில்லாமல் காத்திருக்கும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறோம். ஆனால் உன்னைப் பார்த்தபோது எனக்கு வேறு மாதிரி தோன்றியது. ஒரு கையால் வராந்தாவைத் தொட்டுவிட்டாள், இன்னொரு கை எங்கே இருக்கிறது?

ஆடியில் ஒரு நாள் பொன்னேரிக்குப் போய் வந்தாய். எங்கே போய் வந்தாய் என்று கேட்டேன். "சும்மாதான்மே," என்றாய். சும்மா போனவள் பிளாஸ்டிக் கவர் ஒன்றை மடியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாய். மறுநாள் நீ ஏரிக்குப் போனதும் நான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். உன்னிடம் சொல்ல இத்தனை நாள் ஆயிற்று. திறந்தேன் அக்கா.

அது பெரிய அதிகாரிக்கு எழுதின மனுவின் ஜெராக்ஸ். அஞ்சாவது வரை படித்த நான் எழுத்துக் கூட்டினால் படிப்பேன். அதில் நம் வீட்டு எண்ணும் தெருவும் இருந்தன. அதற்கு மேலே 'மே/பா. தனம்' என்று இருந்தது. என் பேர். என் பேர் உன் மனுவில் எதற்கு? மே என்றால் எனக்குத் தெரிந்தது வாமே, போமே என்று நீ கூப்பிடுகிற மேதான். அதை யாராவது அதிகாரிக்கு எழுதுவார்களா? பா என்றால் பாகம். பாகப் பிரிவினை என்று பேசக் கேட்டிருக்கிறேன். மே, மேல். மேல் பாகம். மல்லிகா சொன்ன மாடி. என் வீட்டில் மேல் பாகம் கேட்டு எழுதியிருக்கிறாய் என்று முடிவு கட்டினேன். மேற்கொண்டு படிப்பதற்குள் படல் நகர்கிற சத்தம் கேட்டது. மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். வந்தது ஆடு.

ரேகாவைக் கேட்டிருக்கலாம். பெட்டியைத் திறந்தேன் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்துதான் நடுக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தேன். விளக்கு வைத்ததும் முதல் வேலை அதுதான். உனக்குக் கேட்கக்கூடாது என்று மெதுவாக, விரலால் பிடித்துப் பிடித்துத் தள்ளுவேன். நீ காட்டிக்கொள்ளவே இல்லை. காலையில் டீ டம்ளரை வாங்கும்போது முகம் எப்போதும் போலத்தான் இருக்கும். நடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது. கரையைத் தொடாமல் ஓரமாகப் போனதுதான், ஆனால் பகல் முழுக்கக் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று ஏரியைத் தூக்கி அடித்தது. உன் தம்பி படகை மேட்டுக்கு இழுக்கப் போயிருந்தார். ரேகா எளாவூரில் என் அம்மா வீட்டில். உள்ளே நான், வெளியே நீ. காற்றுக்கு என்று பகலிலேயே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். பிளாஸ்டிக் தாள் கிழிகிற சத்தம் கேட்டது. தட்டினால் திறப்போம் என்று இருந்தேன். நீ தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. ஆனால் கதவின் வெளிப்பக்கத்து இரும்பு வளையம் ஆடுகிற சத்தம் கேட்டது. இழுக்கிறதும் விடுகிறதுமாக ஆடிக்கொண்டே இருந்தது. கூப்பிட வாய் இல்லையா, திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கிறாளே என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வளையத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். உலை கொதித்து, சோறு வெந்து, கஞ்சியும் வடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.

கதவு உள்பக்கமாகப் பறந்தது. அதோடு நீயும் வந்து விழுந்தாய். இரண்டு கையும் வளையத்தில் இருந்தன. விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன, நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"இன்னாக்கா பண்ணினு இருந்த?"

"தாப்பா பாதிதான் வுழுந்து கீது. காத்துக்குப் புட்டுக்கும்னு இழுத்துப் புடிச்சுனு நின்னேன்." மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "மெதுவாப் போடாதமே. மழைக்குக் கதவு ஊறிக்கினு கீது. நல்லாத் தள்ளிப் போடு."

எத்தனை மாதமாக உனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

என் புடவையைக் கொடுத்தேன், சுடுசோறு போட்டேன். இரண்டு நாள் உள்ளே இருந்தாய். புதுத் தாள் கட்டினதும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாய். இரு என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் மறுபடியும் தாழ்ப்பாள் போட்டேன். நீ சொன்ன மாதிரி நன்றாகத் தள்ளி. கதவைக் காப்பாற்றினதே, நாளைக்கு இது தன் கதவு ஆகும் என்றுதானோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். மேல் பாகம் மனசை விட்டுப் போகவில்லை.

மாசியில் உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பங்குனி பிறப்பதற்குள் போய்விட்டாய். இதயம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு நனைந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உன் தம்பி சொல்கிறார். நான் எதையும் அப்படி நம்பிவிடுகிறவள் இல்லை. இதையும் நம்பவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு ரேகா உன் பெட்டியை ஒழித்தாள். அந்த மனு வெளியே வந்தது.

"அத்தை ரேஷன் கார்டை நம்ம ஊருக்கு மாத்தித் தரச் சொல்லி எழுதிக் குடுத்துக்குது," என்றாள்.

"மேல் பாகம்னு போட்டிருக்குமே?"

"எங்க?" நான் விரலை வைத்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "மேல் பாகமா? யாரும்மா சொன்னா உனுக்கு? மே பான்னா மேற்பார்வை. ஒருத்தர் வூட்ல, அவுங்க பாத்துக்கற எடத்துல இருந்தா அப்படிப் போடுவாங்க. நைனா பேரு போடாம உன் பேரப் போட்டுக்குது பாரு."

நான் சிரிக்கவில்லை. அவள் ஏன் என்று கேட்டாள், கண்ணில் தூசி என்றேன்.

தனம் பார்வையில் இருக்கிறேன் என்றுதான் நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். பார்த்தேன்தான். கண்ணெடுக்காமல் பார்த்தேன். நீ கட்டின முடிச்சு எல்லாம் ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சு என்பது மட்டும் கண்ணில் படவில்லை. போ என்று நான் சொன்னால் அரை மணி நேரத்தில் சுருட்டிக்கொண்டு போகிற மாதிரிதான் நீ குடியிருந்திருக்கிறாய். வேலைக்காரர் வந்து இழுத்துக் காட்டுகிறவரைக்கும் அதுவும் எனக்குத் தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் கை இன்னமும் தாழ்ப்பாளுக்குப் போகிறது. அந்தப் பக்கம் யாருமில்லை, ஆனாலும் போகிறது. நல்லாத் தள்ளிப் போடு என்று காதில் விழுகிறது.

நாளைக்கு அவர் வந்ததும் சொல்லிவிடுவேன். தாழ்ப்பாள் வராந்தா பக்கம் வைக்கட்டும். உள்பக்கம் ஒன்றும் வேண்டாம். அங்கே யார் இருந்து போடப்போகிறார்கள் என்று உன் தம்பி கேட்பார். கேட்கட்டும். பழைய கதவிலிருந்து அந்த வளையத்தை மட்டும் நானே கழற்றி வைத்துவிட்டேன், புதுக் கதவில் அதே உயரத்தில் மாட்டச் சொல்ல வேண்டும்.