ஊற்று இல்லாத தீவு

மார்ச் 9, ஆக்லாந்து
லித்தாரி. ஏஜியன் கடலில் கிரேக்கத்துக்குச் சொந்தமான சின்னஞ்சிறு சுண்ணாம்புப் பாறைத் தீவு. ஒரு முகடு, முட்புதர், பக்கத்துத் தீவுக்காரர் மேயவிட்ட ஆடுகள். ஊற்று இல்லை. ஆகவே ஆட்கள் வாழ்ந்ததில்லை, கடற்கொள்ளையர் ஒதுங்கியதோடு சரி. எங்கள் தொல்லியல் துறைத் தலைவர் ஹாரிஸ் பல வருடங்களாக இப்படித்தான் எழுதி வருகிறார்.

பிழை. வான்படத்தில் தெற்குச் சரிவு முழுக்கக் கோடுகள். பாறை அடுக்குகள் ஒரு பக்கம் சாய, கோடுகள் அவற்றைக் குறுக்கே வெட்டி மட்டமாகப் போகின்றன. இயற்கை அப்படிக் கோடு போடாது. யாரோ கல் அடுக்கிப் பயிர் செய்திருக்கிறார்கள்.

மார்ச் 10
ஹாரிஸிடம் சொன்னேன். "தண்ணீர்?" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 22
தண்ணீரைக் காட்டினால் என் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் டிசம்பரோடு சரி. ஏதென்ஸிலிருந்து தொல்லியலாளர் எலேனி தன் அகழாய்வுக் குழுவில் இடம் தருகிறாள்.

என் கணவர் வசீகரன் பென்ரோஸில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டார்: "ஆக்களே இல்லாத இடத்துக்கு அவ்வளவு தூரம் போகவேணுமோ?"

"ஓம். அங்க ஆக்கள் இருந்தவை."

"அப்ப போயிட்டு வாரும். பிள்ளையை நான் பாக்கிறன்."

செப்டம்பர் 3, லித்தாரி
அடிவாரத்தில் தண்ணீர் சேர்த்த இடம் என்று வான்படத்தில் நான் குறித்த பச்சைத் திட்டில் ஒன்றுமில்லை. வெறும் பாறை. எலேனி வரைபடத்தில் அந்தத் திட்டை அடித்துவிட்டாள். அதுதான் கூடச் சுட்டது.

எங்க பிழை விட்டனான்? — மழைத்தண்ணியை ஆர் பயிருக்குக் கீழ சேர்ப்பினம்? மேலயெல்லோ பிடிப்பினம்!

செப்டம்பர் 4
சரிவின் உச்சியில் தேடினோம். பாறையில் வெட்டிய ஒடுங்கிய வாய்க்கால். அது போன வழியே போனால் இடிந்த சுவர். கற்களை அகற்றினோம். கீழே தொட்டி, உட்புறம் சாந்து இன்னும் வழுவழுப்பாக. பக்கத்தில் திராட்சை மிதிக்கும் பள்ளம். ஒதுங்கிப் போகிறவன் திராட்சை நடமாட்டான்.

எலேனி என் தோளைப் பிடித்தாள். "கம்சாயினி, வீடுகளும் இருக்கும்."

இருந்தன.

அக்டோபர் 1, ஆக்லாந்து
ஹாரிஸ் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நான் எழுதியதை வெட்ட வேண்டும்," என்றார்.

"நானே வெட்டுகிறேன்."

சிரித்துவிட்டார்.

ஏப்ரல் 14
துறையின் பொது உரை இம்முறை என்னுடையது. முடிந்ததும் முதலில் கை உயர்த்தியது பிரணவி. "வை டிட் தே லீவ், அம்மா?"

பஞ்சமா, கொள்ளையரா, மழை பொய்த்ததா? தெரியாது என்றேன். சொல்லக் கூச்சமே வரவில்லை.

லின்ஃபீல்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே வசீகரன் சொன்னார்: "செப்டம்பருக்கு லீவு கேட்டிட்டன். மூண்டுபேருமாப் போவம்."